கொடிக்கயிறு யார் கையில இருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல தேசியக்கொடி பத்தி வாசகர் கடிதம் ரெண்டு மூணு வந்திருந்துச்சு. ஒருத்தர் பாலியஸ்டர் கொடியே வேணாம் கதர்தான் வேணும்னு எழுதியிருந்தார், இன்னொருத்தர் ஆகஸ்ட் 15 முடிஞ்ச மறுநாள் ரோட்டோரம் கிடந்த கொடிங்கள பொறுக்கி எடுத்ததை எழுதியிருந்தார், படிச்சப்ப எனக்கும் மனசு கஷ்டமா இருந்துச்சு. ரெண்டு பேர் சொல்றதும் நியாயம். ஆனா முப்பது வருஷத்துக்கு மேல கவர்மென்ட் ஸ்கூல்ல பி.டி. மாஸ்டரா இருந்து, வருஷத்துக்கு ரெண்டு தடவை தவறாம கொடி கட்டினவன் நான், எனக்கு இந்த விஷயத்துல சொல்றதுக்கு வேற ஒண்ணு இருக்கு, ரொம்ப நாளா சொல்லாம வெச்சிருந்தது, கொஞ்சம் நீளமா போகும், தயவு செஞ்சு வெட்டாம போடுங்க.

முதல்ல அந்த துணி விஷயத்தை முடிச்சிடறேன். 2002 ஜனவரி 26ல இருந்து அமலுக்கு வந்த கொடி விதியில கையால நூத்து கையால நெய்ஞ்ச துணிதான்னு இருந்துச்சு, கதர், பருத்தி, பட்டு, கம்பளி, இவ்வளவுதான். 2021 டிசம்பர்ல அதை திருத்தி மெஷின்ல செஞ்சதும் பாலியஸ்டரும் ஓகேன்னு சொன்னாங்க, 2022 ஜூலைல ராத்திரியும் இறக்காம பறக்க விடலாம்னு சொன்னாங்க, அடுத்த மாசமே வீட்டுக்கு வீடு கொடி திட்டம் வந்துச்சு. கர்நாடகாவுல ஹூப்பள்ளி பக்கம் பெங்கேரில கதர் கொடி தைக்கற யூனிட் இருக்கு, பெரும்பாலும் பொம்பளைங்க வேலை பார்க்கற இடம், ஒரு நூல் கூடினாலும் குறைஞ்சாலும் தரச்சான்று கிடைக்காதுன்னு அவ்வளவு கவனமா செய்வாங்க, அவங்க இந்த திருத்தத்தை எதிர்த்து போராட்டமே பண்ணாங்க. எனக்கும் கதர்தான் பிடிக்கும். பாலியஸ்டர் காத்துல படபடன்னு சத்தம் போடும், கதர் கனமா நின்னு மெதுவா விரியும், கட்டி பார்த்தவங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும். கிழிஞ்ச கொடிய என்ன பண்றதுன்னு கூட நிறைய பேருக்கு தெரியல, யாரும் பார்க்காத இடத்துல மரியாதையா எரிச்சிடணும், நானே ஸ்கூல் பின்பக்கம் சாயங்காலம் எல்லா பசங்களும் போனப்புறம் எரிச்சிருக்கேன், சாம்பலை வேப்பமரத்தடியில போடுவேன். சரி இது போதும்.

நான் சொல்ல வந்தது கொடிய பத்தி இல்ல, கொடிக்கயிறை பத்தி. அந்த கயிறு யார் கையில இருக்கணும்ங்கறத பத்தி.

2019 டிசம்பர்ல உள்ளாட்சி தேர்தல் நடந்துச்சே, 27 மாவட்டத்துக்கு, அப்ப நான் வேலை பார்த்த ஊர்ல ஊராட்சி தலைவர் பதவி முதல் தடவையா பட்டியல் சாதி பெண்களுக்கு ஒதுக்கீடு ஆச்சு. ஊர் பேரு ஸ்கூல் பேரு எதையும் சொல்லப் போறதில்ல, அங்க இன்னும் மனுஷங்க வாழறாங்க. காலனியில இருந்து ஒரு அம்மா ஜெயிச்சாங்க, நாத்து நடவுக்கு போறவங்க, எட்டாவது வரைக்கும் படிச்சவங்க, பொண்ணு எங்க ஸ்கூல்லயே பத்தாவது படிச்சிட்டு இருந்துச்சு. 2020 ஜனவரி முதல் வாரத்துல பதவி ஏத்தாங்க, மூணு வாரம் கூட ஆகல, குடியரசு தினம் வந்துடுச்சு.

25ஆம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் நான் கம்பத்துல கப்பிக்கு எண்ணெய் விட்டுட்டு கயிறு பழசாயிருக்கான்னு பார்த்துட்டு இருந்தேன், அந்த அம்மா பொண்ணை கூட்டிக்கிட்டு வந்தாங்க. வேலை முடிஞ்சு நேரா வந்திருப்பாங்க போல, கால்ல சேறு காஞ்சிருந்துச்சு. கேட்டுக்கு வெளியவே நின்னாங்க, நான் பார்த்துட்டு வாங்கம்மா வாங்க தலைவரம்மான்னு கூப்பிட்டேன், அப்பவும் தயங்கி தயங்கிதான் உள்ள வந்தாங்க. என்னம்மான்னு கேட்டா, "சார், நாளைக்கு கயிறு எப்படி இழுக்கணும்னு ஒரு தடவை சொல்லி குடுங்க சார், எல்லாரும் பார்க்கறப்ப தப்பாயிடக் கூடாது" அப்படின்னாங்க.

எத்தனையோ தலைவருங்கள பார்த்திருக்கேன், முதல் நாளே வந்து கத்துக்குடுங்கன்னு கேட்டது அவங்க ஒருத்தர்தான்.

தேசியக்கொடிய வெச்சு பழக்கறது சரியில்லன்னு ஸ்போர்ட்ஸ் டேக்கு வெச்சிருந்த ப்ளூ ஹவுஸ் கொடிய எடுத்து மடிச்சு உருவு முடிச்சு போட்டு மேல ஏத்தி காட்டினேன். குடியரசு தினத்துக்கு கொடி மேலயே கட்டியிருக்கும், கயிறை சுண்டினா முடிச்சு அவுந்து விரியும், சுதந்திர தினத்துக்கு கீழ இருந்து மேல ஏத்தறதுதான் முறை, ஆனா நம்ம பக்கம் ஸ்கூல்ல ரெண்டு நாளும் ஒரே மாதிரிதான் பண்றாங்க. ரெண்டு கயிறுல எது சுண்டற கயிறுன்னு காட்டினேன், சிக்கிக்கிச்சுன்னா பலமா இழுக்க கூடாது, கொஞ்சம் லூஸ் விட்டு மறுபடி வெடுக்குன்னு சுண்டணும், விரிஞ்சதும் கயிறை கொக்கியில சுத்திட்டு ரெண்டடி பின்னாடி வந்து நேரா நின்னு சல்யூட்னு சொன்னேன். அஞ்சு தடவை பண்ணி பார்த்தாங்க. மூணாவது தடவை முடிச்சு சிக்கிச்சு, நான் கை வைக்கறதுக்குள்ள அவங்களே லூஸ் விட்டு சுண்டி எடுத்துட்டாங்க, அந்த பொண்ணு கை தட்டுச்சு. போறப்ப "கொடிக்குள்ள வைக்க பூ நான் கொண்டாரேன் சார், நீங்க வாங்காதீங்க" அப்படின்னு சொல்லிட்டு போனாங்க.

மறுநாள் காலைல ஏழு மணிக்கெல்லாம் ஒரு மஞ்சப்பை நிறைய செவ்வந்தி, ரோஜா இதழ் எல்லாம் உதிர்த்து கொண்டு வந்து என்கிட்ட குடுத்தாங்க. புதுப்புடவை கட்டியிருந்தாங்க. நான் இதழை வெச்சு மடிச்சு கட்டி மேல ஏத்தி வெச்சிட்டேன். ஏழே முக்காலுக்கு துணைத்தலைவர் ஆளுங்க நாலஞ்சு பேர் வந்து ஹெச்.எம். ரூம்ல உக்காந்தாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு ஹெச்.எம். என்னை கூப்பிட்டு, ஊர்ப்பெரியவர் இந்த வருஷம் ஏத்தட்டும், பசங்களுக்கு மிட்டாய் எல்லாம் அவர்தான் வாங்கியிருக்கார், அந்த அம்மாவை ஊராட்சி ஆஃபீஸ் கட்டடத்துல ஏத்திக்க சொல்லலாம், ஸ்கூல்ல தலைவர்தான் ஏத்தணும்னு நமக்கு ஆர்டர் ஒண்ணும் இல்ல, ஊர்ல பகை வேணாம் சார், அப்படின்னார்.

ஆர்டர் இல்லைங்கறது வாஸ்தவம்தான், ஆனா அதுக்கு முன்னாடி நான் அந்த ஸ்கூல்ல இருந்த அத்தனை வருஷமும் யார் தலைவரோ அவங்கதான் ஏத்தினாங்க, அப்ப யாரும் ஆர்டர் கேக்கல. காலனியில இருந்து ஒருத்தர் தலைவரானதும்தான் ஆர்டர் எங்கன்னு தேடறாங்க.

நான் என்ன பண்ணேன்னு சொல்லணும் இல்லையா. ஒண்ணும் பண்ணல. கயிறை எடுத்து அந்த பெரியவர் கையில குடுத்தது நான்தான். அந்த அம்மா பசங்க வரிசைக்கு பக்கத்துல, பொண்ணு நின்ன இடத்துக்கு கொஞ்சம் தள்ளி நின்னுட்டு இருந்தாங்க. பெரியவர் சுண்டினார், அவங்க கொண்டாந்த பூவெல்லாம் அவர் தலை மேல விழுந்துச்சு. எல்லாரும் ஜன கண மன பாடினோம், அவங்களும் பாடினாங்க. ஆஃபீஸ் கட்டடத்துல கம்பமே கிடையாது, அதனால அன்னைக்கு அவங்க எங்கயும் கொடி ஏத்தல. கூட்டம் கலைஞ்சப்புறம் என்கிட்ட வந்து, சத்தமே இல்லாம, "நேத்து நான் சரியாத்தான சார் சுண்டினேன்?" அப்படின்னு கேட்டாங்க. தனக்கு சரியா வரலைன்னு நான் சொல்லிதான் மாத்திட்டாங்களோன்னு நினைச்சிருக்காங்க. சரியாத்தாம்மா சுண்டினீங்கன்னு சொன்னேன், அதுக்கு மேல வாய் வரல.

இது ஏதோ ஒரு ஊர்ல ஒரு நாள் நடந்தது, இதை போய் பேப்பருக்கு எழுதணுமான்னு கேக்கறவங்க அதே வருஷம் வந்த செய்திங்கள நினைச்சு பாருங்க. 2020 ஆகஸ்ட் 15க்கு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்துல பட்டியல் சாதி பெண் தலைவரை கொடியேத்த விடல, செய்தி வெளிய வந்து, அஞ்சு நாள் கழிச்சு கலெக்டரே அந்த ஊருக்கு போய் அவங்கள கொடியேத்த வெச்சார். ரெண்டு மாசம் கழிச்சு கடலூர் மாவட்டம் தெற்கு திட்டையில தலைவரை கூட்டத்துல தரையில உக்கார வெச்ச போட்டோ வந்துச்சே, நாடே பார்த்துச்சு, அந்த அம்மாவும் தன்னை கொடியேத்த விடலைன்னு சொன்னாங்க. கொடியும் நாற்காலியும் ஒரே விஷயம்தான். 2022ல கள்ளக்குறிச்சி மாவட்டம் எடுத்தவாய்நத்தத்துல போலீஸ் பாதுகாப்போடதான் தலைவர் கொடியேத்த முடிஞ்சுது. அந்த வருஷம் ஆகஸ்ட்ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு எல்லா கலெக்டருக்கும் லெட்டர் எழுதினார், பட்டியல் சாதி தலைவருங்க எந்த பாகுபாடும் இல்லாம கொடியேத்தறத உறுதி பண்ணணும்னு. சுதந்திரம் வாங்கி 75 வருஷம் கொண்டாடின அதே ஆகஸ்ட்ல அப்படி ஒரு லெட்டர் எழுத வேண்டிய நிலைமை இருந்துச்சு சார், அதை எல்லாரும் அப்படியே கடந்து போயிட்டோம்.

இன்னும் பின்னாடி போனா மதுரை மாவட்டம் மேலவளவு முருகேசன், பட்டியல் சாதிக்காரர், ஊராட்சி தலைவரா நின்னு ஜெயிச்சதுக்காகவே 1997 ஜூன் 30ல பஸ்ஸுல வெச்சு கூட இருந்தவங்களோட சேர்த்து வெட்டி கொன்னாங்க. தலைவர் பதவிய பட்டியல் சாதிக்கு ஒதுக்கினதால பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல்ல 1996ல இருந்து பத்து வருஷம் தேர்தலையே ஒழுங்கா நடத்த விடல, 2006லதான் நடந்துச்சு. அதெல்லாம் பார்க்கறப்ப கொடிக்கயிறு சின்ன விஷயமா தெரியலாம். எனக்கு அப்படி தெரியல. ஜெயிக்க விட்டுட்டோம், செக்குல கையெழுத்து போட விட்டுட்டோம், ஆனா ஊரே நின்னு பார்க்கற அந்த அஞ்சு நிமிஷம் மட்டும் விட மாட்டோம், இதுதான் இப்ப நடக்கறது.

என்கூட வேலை பார்த்த ஒருத்தர் கேட்டார், சார் கொடிங்கறது வெறும் அடையாளம்தானே, தலைவரம்மா ரோடு போடட்டும், தண்ணி டேங்க் கட்டட்டும், கொடி யார் ஏத்தினா என்னன்னு. நல்ல மனுஷர்தான், கெட்ட எண்ணத்துல கேக்கல. ஆனா ஒண்ணு யோசிக்கணும், வெறும் அடையாளம்னா அதை விட்டுக்குடுக்கறதுல அந்த பெரியவருக்கு என்ன கஷ்டம்? காலைல ஏழே முக்காலுக்கு அஞ்சு பேர் கிளம்பி வந்து ஹெச்.எம். ரூம்ல உக்கார வேண்டிய அவசியம் என்ன? தடுக்கறவங்களுக்கு அந்த அடையாளத்தோட மதிப்பு நம்மள விட நல்லா தெரியும். அன்னைக்கு கொடி கட்டறவன்ல இருந்து ஒண்ணாவது படிக்கற குழந்தை வரைக்கும் நிமிர்ந்து நின்னு ஒருத்தர் கைய பார்க்கறாங்க, அந்த கை யாரோடதுன்னு குழந்தைங்க மனசுல பதிஞ்சிடும். அந்த பத்தாவது பொண்ணு மனசுல என்ன பதிஞ்சிருக்கும்னு நான் எத்தனையோ ராத்திரி யோசிச்சிருக்கேன்.

இன்னொருத்தர் கொடி விஷயத்துல சாதிய இழுக்காதீங்க சார்னார். கொடிய முடிவு பண்ண 1947 ஜூன்ல அரசியல் நிர்ணய சபை ஒரு கமிட்டி போட்டுச்சு, ராஜேந்திர பிரசாத் தலைமையில, அதுல அபுல் கலாம் ஆசாத், ராஜாஜி, சரோஜினி நாயுடு, முன்ஷி இவங்களோட அம்பேத்கரும் இருந்தார். ராட்டையை எடுத்துட்டு நடுவுல அசோகச் சக்கரம், 24 ஆரம், அப்படின்னு முடிவாகி ஜூலை 22ல நேரு தீர்மானம் கொண்டு வந்தார். அன்னைக்கு அதை ஆதரிச்சு பேசினவங்கள்ல நம்ம சென்னை மாகாணத்துல இருந்து போன வி.ஐ. முனுசாமி பிள்ளையும் ஒருத்தர், ஒடுக்கப்பட்ட மக்களோட பிரதிநிதியா போனவர். ஆதிவாசி மக்கள் சார்பா ஜெய்பால் சிங் எழுந்து, எங்க ஒவ்வொரு கிராமத்துக்கும் தனிக்கொடி உண்டு, இனிமே அதோட சேர்த்து இதுவும்ங்கற அர்த்தத்துல பேசினார். யார் யார் சேர்ந்து குடுத்த கொடின்னு பாருங்க. அம்பேத்கர் உக்காந்து முடிவு பண்ண கொடிய காலனிக்காரம்மா தொடக் கூடாதுன்னா அப்புறம் அது எந்த நாட்டு கொடி?

இதுல எனக்கு ரொம்ப முக்கியமா தோணறது 1974ல நடந்தது. அதுக்கு முன்னாடி வரைக்கும் மாநில தலைநகரங்கள்ல சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் ரெண்டுக்கும் கவர்னர்தான் கொடியேத்துவார். டெல்லியில பிரதமர் செங்கோட்டையில ஏத்தறப்ப மாநிலத்துல முதலமைச்சர் ஏன் ஏத்தக் கூடாதுன்னு கேட்டு இந்திரா காந்திக்கு எழுதி அந்த உரிமையை வாங்கினது கருணாநிதி, அந்த ஆகஸ்ட் 15ல இருந்துதான் நாடு பூரா முதலமைச்சருங்க கொடியேத்தறாங்க. எந்த கட்சிக்காரங்களா இருந்தாலும் இதை பெருமையா சொல்லிக்கறோம், நானும் பசங்களுக்கு வருஷா வருஷம் சொல்லியிருக்கேன். இதுல இருக்கற நியாயம் என்ன? நியமிச்சு வந்தவர் இல்ல, ஜனங்க ஓட்டு போட்டு தேர்ந்தெடுத்தவர் கையிலதான் கயிறு இருக்கணும்ங்கறதுதான். அந்த நியாயம் கோட்டைக்கு செல்லும்னா கிராமத்துக்கும் செல்லணும். ஓட்டு வாங்கி ஜெயிச்ச அம்மாவை ஓரமா நிக்க வெச்சுட்டு யாருமே தேர்ந்தெடுக்காத பெரியவர் கையில நான் கயிறை குடுத்தேனே, டெல்லிக்கிட்ட கேட்டு வாங்கின நியாயத்தை ஊர்ல நாமளே தூக்கி போடறோம்.

பணக்காரங்களுக்கும் இந்த கொடிக்காக கோர்ட்டுக்கு போன கதை இருக்கு. தொழிலதிபர் நவீன் ஜிண்டால் தன் ஃபேக்டரியில தினமும் கொடி பறக்க விடக் கூடாதுன்னு அதிகாரிங்க சொன்னப்ப கேஸ் போட்டார், டெல்லி ஹைகோர்ட் 1995ல அவர் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு, 2004 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் மரியாதையோட கொடி பறக்க விடறது குடிமக்களோட கருத்துரிமையில அடங்கும்னு சொல்லிடுச்சு. நல்ல தீர்ப்பு, அதனாலதான் இன்னைக்கு நம்ம வீட்டு மாடியில எல்லாரும் கொடி கட்டறோம். ஆனா கிராமத்து தலைவரம்மா இதுக்காக டெல்லி வரைக்கும் போக முடியுமா, அவங்களுக்கு அன்னைக்கு கூலி போனா அன்னைக்கு சோறு போச்சு.

தேசிய சின்னங்களுக்கு அவமரியாதைன்னு நம்ம ஜனங்களுக்கு எதுக்கெல்லாம் கோவம் வருதுன்னும் பாருங்க. தியேட்டர்ல ஜன கண மன போட்டப்ப எழுந்து நிக்கலைன்னு எத்தனை சண்டை நடந்துச்சு, 2016ல கட்டாயம்னு சொன்ன சுப்ரீம் கோர்ட்டே 2018ல கட்டாயம் இல்லைன்னு மாத்திக்கிச்சு. கேரளாவுல 1985ல மூணு குழந்தைங்க மத நம்பிக்கை காரணமா தேசிய கீதத்துக்கு எழுந்து மரியாதையா நின்னாங்க, பாட மட்டும் செய்யல, அதுக்கு ஸ்கூல விட்டே அனுப்பினாங்க, அடுத்த வருஷம் சுப்ரீம் கோர்ட் அந்த குழந்தைங்கள திரும்ப சேர்த்துக்க சொல்லுச்சு, நம்ம மரபும் தத்துவமும் சகிப்புத்தன்மையைதான் சொல்லி குடுக்குதுன்னு அந்த தீர்ப்புல எழுதினாங்க. பாடாத குழந்தை மேல வர்ற கோவம், கொடியேத்த வந்தவங்கள தடுக்கறவன் மேல ஏன் வர மாட்டேங்குது?

சட்டத்திலயும் ஒண்ணு கவனிச்சேன். தேசிய கௌரவ அவமதிப்பு தடுப்பு சட்டம் 1971ல கொடிய எரிச்சா கிழிச்சா மிதிச்சா மூணு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு, தேசிய கீதம் பாடறத வேணும்னே தடுத்தாலும் தண்டனை இருக்கு. ஆனா ஏத்த உரிமை உள்ளவங்கள ஏத்த விடாம தடுக்கறத பத்தி அந்த சட்டத்துல ஒரு வார்த்தை இல்ல. அதுக்கு வன்கொடுமை தடுப்பு சட்டத்துக்குதான் போகணும், பட்டியல் சாதி, பழங்குடி ஊராட்சி தலைவரையோ மெம்பரையோ தன் கடமையை செய்ய விடாம தடுத்தா குற்றம்னு அதுல 3(1)(எம்)னு ஒரு பிரிவு இருக்கு, ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில். இப்படி ஒரு பிரிவு இருக்குன்னு நான் ரிட்டயர் ஆன அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். எங்க ஹெச்.எம்.முக்கு அன்னைக்கு தெரிஞ்சிருந்தா அவரே அந்த அஞ்சு பேர்கிட்ட சொல்லியிருப்பார்னு நினைக்கறேன், அவர் பயந்த சுபாவம், கெட்டவர் இல்ல, பயத்துக்கு பதில் சொல்ல ஒரு பேப்பர் கையில இருந்திருந்தா போதும்.

1932 ஜனவரியை நினைச்சா எனக்கு இன்னும் மனசு ஆறாது. ஒரே மாசத்துல திருப்பூர்ல ஊர்வலம் போன குமரனை போலீஸ் தடியால மண்டைய உடைச்சு, கீழ விழுந்தும் கொடிய விடாம பிடிச்சிட்டு இருந்து, 11ஆம் தேதி உயிர் போச்சு, 27 வயசு. அதே மாசம் 26ஆம் தேதி ஆர்யா பாஷ்யம் சென்னை கோட்டை கம்பத்துல ஏறி வெள்ளைக்காரன் கொடி பறந்த இடத்துல நம்ம கொடிய கட்டினார். அப்புறம் 1947 ஆகஸ்ட் 15ல அதே கோட்டையில பறந்த கொடிய இன்னைக்கும் கோட்டை மியூசியத்துல கண்ணாடிக்குள்ள பாதுகாத்து வெச்சிருக்காங்க, பார்க்காதவங்க ஒரு தடவை போய் பாருங்க, பட்டுத்துணி, நல்லா பெருசு, நான் பசங்கள டூர் கூட்டிட்டு போனப்ப பார்த்தேன், ரொம்ப நேரம் நின்னோம். குமரன் கையில இருந்து கொடிய பிடுங்க வந்தது வெள்ளைக்காரனோட போலீஸ், அதனால நமக்கு யார் பக்கம் நிக்கணும்னு சுலபமா தெரியுது. எங்க ஸ்கூல்ல அந்த அம்மா கைக்கு போக வேண்டிய கயிறை வேற கைக்கு குடுத்தது நான், சொந்த ஊர் ஆளு, அதே குமரன் கதையை ஆறாவதுக்கு பாடம் சொல்லி குடுத்தவன்.

2022 ஆகஸ்ட் 15 அன்னைக்கு நான் ரிட்டயர் ஆகி வேற ஊருக்கு வந்துட்டேன். மத்தியானம் ஃபோன் வந்துச்சு, அந்த பொண்ணு, அப்ப காலேஜ் போயிட்டு இருந்துச்சு. "சார், அம்மா ஸ்கூல்ல ஏத்திட்டாங்க சார், தாசில்தார் வந்திருந்தாரு, போலீஸும் வந்திருந்தாங்க, முதல் சுண்டுலயே விரிஞ்சிடுச்சு சார், சிக்கவே இல்ல." அம்மாகிட்ட குடும்மான்னேன். அவங்க ஃபோனை வாங்கிட்டு "நீங்க சொன்ன மாதிரியேதான் சார் பண்ணேன்" அப்படின்னாங்க. ரெண்டரை வருஷம் அதை ஞாபகம் வெச்சிருந்திருக்காங்க. பதவிக்காலம் அஞ்சு வருஷம், அதுல பாதிக்கு மேல போயிடுச்சு அந்த கயிறு கைக்கு வர்றதுக்கு.

அந்த 27 மாவட்டத்து ஊராட்சிங்களுக்கு பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஓட முடிஞ்சு தனி அலுவலர்கள் கைக்கு நிர்வாகம் போயிடுச்சு. அதிகாரி ஏத்தறப்ப எந்த ஊர்லயும் சண்டை வராது, அதை வெச்சு பிரச்சினை தீர்ந்துடுச்சுன்னு யாரும் நினைச்சிட கூடாது, மறுபடி தேர்தல் நடந்து காலனியில இருந்து ஒருத்தர் ஜெயிச்சு வர்ற அன்னைக்கு அதே அஞ்சு பேர் அதே ஹெச்.எம். ரூமுக்கு வருவாங்க. அதுக்குள்ள அரசாங்கம் ஒரு ஆணை போடணும்னு கேக்கறேன், ஊராட்சி ஆஃபீஸ்லயும் ஊர்ல இருக்கற அரசு பள்ளிக்கூடத்துலயும் தேர்ந்தெடுத்த தலைவர்தான் கொடியேத்தணும், அவங்க வர முடியலைன்னா அவங்க எழுதி குடுத்தாதான் வேறொருத்தர் ஏத்தணும், உடம்பு சரியில்லையாம்னு வாய்வார்த்தையா யாராவது வந்து சொல்றதெல்லாம் செல்லாதுன்னு தெளிவா இருக்கணும். அந்த ஆணையை நோட்டீஸ் போர்டுல ஒட்டணும். பெண் தலைவருங்க விஷயத்துல வீட்டுக்காரர் வந்து கயிறை பிடிக்கறதும் நிக்கணும், அது எல்லா சாதியிலயும் நடக்குது, 50 சதவீதம் பெண்களுக்குன்னு ஒதுக்கிட்டு கயிறு மட்டும் ஆம்பளை கையில இருந்தா எப்படி. அன்னைக்கே கிராம சபையும் நடக்குது, அதுலயும் தலைவர் நாற்காலியில உக்காந்திருக்காங்களான்னு வர்ற அதிகாரி பார்க்கணும்.

உங்க பேப்பருக்கும் ஒரு வேண்டுகோள் சார். ஆகஸ்ட் 16ஆம் தேதியும் ஜனவரி 27ஆம் தேதியும் மாவட்ட பக்கத்துல கலெக்டர் கொடியேத்தின போட்டோ போடறீங்க, அதை போடுங்க, வேணாம்னு சொல்லல. அதோட ஒவ்வொரு தாலுகாவுலயும் ஒதுக்கீட்டு ஊராட்சிங்க எத்தனை, அதுல எத்தனை ஊர்ல தலைவர் கையால கொடி ஏறுச்சுன்னு உங்க நிருபர்களை விட்டு விசாரிச்சு போடுங்க. பேப்பர்ல பேர் வரும்னு தெரிஞ்சா எங்க ஹெச்.எம். மாதிரி தயங்கறவங்களுக்கும் ஒரு தைரியம் வரும்.

எங்க பக்கத்துல புதுசா ஜெயிச்சு வர்ற தலைவருங்க யாருக்காவது கொடி மடிக்க, முடிச்சு போட, கயிறு சுண்ட பழக்கி விட ஆள் வேணும்னா நான் முதல் நாள் சாயங்காலமே வந்துடறேன். பஸ் செலவு என்னோடது. மறுநாள் காலைலயும் கம்பத்து பக்கத்துலயே நிப்பேன், கயிறை அவங்க கையில குடுத்துட்டுதான் நகருவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
விழுப்புரம் மாவட்டம்.